சாரதாவின் ஓட்டு

அந்தப் பெண் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது மணி இரண்டரை இருக்கும். கையில் ஒரு துண்டுச் சீட்டு. நாலாக மடித்துப் பிரித்து, வியர்வையில் ஊறி, ஓரமெல்லாம் நைந்திருந்தது. அதை என் பக்கம் நீட்டினாள். எண்ணைப் பார்த்தேன்.

அந்த எண் எனக்கு மனப்பாடம். காலை எட்டு மணியிலிருந்து அது வரக்கூடாது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. கரும்பலகையில் முந்தின நாள் போட்ட பின்னக் கணக்கை யாரும் அழிக்கவில்லை. அடிக்கடி ஒரு ரயில் போகும். போகும்போதெல்லாம் மேஜை மேல் மைக்கூடு நடுங்கும்.

“பேர் சொல்லுங்கோ” என்றேன். கேட்பது என் வேலை. நான் கேட்காவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்பார்கள்.

“சாரதா” என்றாள்.

சாரதா என் அக்கா. அவள் இறந்துபோய் அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்பாவின் குடை

இந்தத் தொடரில் இதுவரை பாட்டு கிளாஸ், ரயிலில் லேடீஸ் டப்பா சிநேகிதம், மாட்டுங்கா மார்க்கெட் என்று இனிப்பாகவே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். “மாமி, உங்கள் பம்பாயில் கசப்பே கிடையாதா?” என்று காட்கோபரிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தாள். இருந்தது, அம்மா. நிறையவே இருந்தது. எழுதத் தைரியம் வராமல் வாரா வாரம் தள்ளிப் போட்டேன். இதில் சம்பந்தப்பட்டவர்களில் இன்று நான் ஒருத்திதான் மிச்சம். இனிமேல் என்னை யார் என்ன செய்துவிட முடியும்?

முதலில் எங்கள் வார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் கால் பரப்பிக்கொண்டிருந்த வார்டு அது. இந்தப் பக்கம் மாட்டுங்கா. ஆபீசுக்குப் போகிறவர்கள், கோவில், மெஸ், காலையில் தெருவெல்லாம் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. அந்தப் பக்கம் தாராவி. தோல் பதனிடுகிற ஷாப்புகள், அவற்றைச் சுற்றிக் குடிசைகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த சனங்கள். இரண்டு பக்கத்துக்கும் கவுன்சிலர் ஒருவர்தான். தண்ணீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அவர் கையில்.

ஆனால் யுத்தத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தாருக்கு ஓட்டு என்பதே அநேகமாகக் கிடையாது. வரி கட்டுகிறவன், இத்தனைக்கு மேல் வாடகை கொடுத்து ரசீது வைத்திருக்கிறவன், அவனுக்குத்தான் ஓட்டு. எங்கள் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. வரிசையாக அறைகளும் முன்னால் நீளமாக ஒரு பால்கனியும் உள்ள வீட்டைப் பம்பாயில் சால் என்பார்கள். அப்படி ஒரு சாலில் இரண்டு அறை எங்களுக்கு. ஓட்டு நாளன்று அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு, மழை இல்லாவிட்டாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். போன இடத்தில் பன்னீர் தெளித்து, வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புவார்கள். கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு வருகிற மாதிரிதான் திரும்பி வருவார்.

“யாருக்குப் போட்டேள்?” என்று அம்மா கேட்பாள்.

“வீட்டுக்காரனுக்கு. வேற யாருக்குப் போடறது? ரசீது அவன்னா குடுக்கறான்!”

அவ்வளவுதான் எங்கள் வார்டின் அரசியல். சால் யாருடையதோ வார்டும் அவருடையது.

யுத்தம் வந்தது. ரேஷன் வந்தது. அப்பா அதைப் பார்க்காமல் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரரின் அதிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ரசீதைச் சாப்பிட முடியாது பாருங்கள். ஜனங்கள் எல்லோரும் வாரத்தில் ஒரு நாள் எந்த வாசலில் போய் நிற்கிறார்களோ, அந்த வாசலுக்கு அதிகாரம் போயிற்று. அதாவது ரேஷன் கடைக்கு.

எங்கள் ரேஷன் கடையில் பில் எழுதுகிறவர் கிட்டு மாமா. ஒல்லி உடம்பு, காதில் சொருகிய பென்சில், தாழ்ந்த குரல். யாரையும் அவர் அதட்டி நான் பார்த்ததில்லை. எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டுப் பிள்ளை ஊருக்குப் போய்விட்டான், எந்த வீட்டுக் கிழவர் போய்விட்டார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தாரிலும் கொஞ்சம் பேருக்குக் கார்டு இதே கடையில்தான். கவுன்சிலருக்குக்கூடத் தெரியாத வார்டு அவருக்குத் தெரியும். நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பேர் பாட்டுக்கு இருக்கட்டும்

சாரதா எனக்கு மூன்று வயது மூத்தவள். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பாவுக்குப் பிறகு வீட்டை இழுத்துக்கொண்டு போனது அவள் விரல்கள்தான். ஒரு மழைக்காலத்தில் டைபாய்டு வந்தது. மூன்று வாரம் கிடந்தாள். கடைசி இரண்டு நாள் போர்வையின் மேல் விரல்கள் டைப் அடித்துக்கொண்டே இருந்தன. அதை மட்டும் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்த பிறகு கிட்டு மாமா துக்கம் விசாரிக்க வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னார்:

“மாமி, கார்டை இப்போ ஒண்ணும் பண்ண வேண்டாம். வர்ற அரிசி உங்க ரெண்டு பேருக்கே போறாது. பேர் பாட்டுக்கு இருந்துட்டுப் போறது. நான் இருக்கேனோல்லியோ?”

அம்மா தலையாட்டினாள். எதற்காக ஆட்டினாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அரிசி முக்கியமாகப் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்கா போன பதினைந்தாம் நாள் எனக்கு அரிசிதான் முக்கியமாகப் பட்டது.

செத்தவர் பேரில் ரேஷன் வாங்கினால் கேஸ் போடுவார்கள். அடுத்த தெருவில் ஒரு குமாஸ்தாவுக்கு இதனால் வேலையே போயிற்று. அவர் குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏறியதை நாங்கள் பால்கனியில் நின்று பார்த்தோம். நான் அப்போது முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பர்மனென்ட் ஆகவில்லை. அந்த ஒரு சம்பளத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் பிழைத்தோம். எனக்கு வேலை போனால் வீடு போகும். வீடு போனால் எங்களுக்குப் போக ஊர் என்று ஒன்று கிடையாது. பாலக்காட்டு வீடு எப்போதோ கை மாறிவிட்டது.

ஆகவே வாரா வாரம் கார்டை நீட்டுமுன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். கிட்டு மாமா நிமிர்ந்து பார்க்காமல் மூன்று பேருக்கும் எழுதுவார். பழகப் பழக என் பயம் குறைந்தது. திருட்டுகூடப் பழகிவிடும் போலிருக்கிறது.

“அவுக பேர எப்படிச் சொல்ல?”

அப்புறம் ஒரு நாள், இனி வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று செய்தி வந்தது. ரசீது வேண்டாம், வரி வேண்டாம். ஆணும் பெண்ணும் சமம். மாட்டுங்காவில் சில பேருக்கு முகம் விழுந்துவிட்டது. “இனிமே தாராவிதான் நம்மை ஆளப்போறது” என்று கோவில் பிராகாரத்தில் நின்று பேசினார்கள். தாராவியில் வேறு விதமான பயம். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வீடு வீடாகப் போய்ப் பேர் எழுத டீச்சர்களைத்தான் அனுப்பினார்கள். என் பங்குக்குத் தோல் ஷாப்புகளை ஒட்டிய நாலு வரிசைக் குடிசைகள்.

சித்திரை வெயில். சுண்ணாம்பும் ஊறின தோலுமாக ஒரு வாடை. மூக்கில் முந்தானையை வைத்துக்கொள்ளக் கூச்சம், வைத்துக்கொள்ளாமல் நிற்கவும் முடியாது.

“இது எதுக்கு எழுதுதீக? குடிசையப் பிரிக்கவா?” என்று ஒருத்தி கேட்பாள்.

“இல்லம்மா, ஓட்டுக்கு.”

“ஆம்பளையள பட்டாளத்துக்குப் புடிக்கவா?”

“யுத்தம்தான் முடிஞ்சுடுத்தே அம்மா. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கோ.”

அங்கேதான் எல்லாம் நின்றுபோகும். பகலில் ஆண்கள் ஷாப்பில் இருப்பார்கள். குடிசையில் பெண்கள் மட்டும்தான். எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். “அவுக பேர எப்படிச் சொல்ல?” என்று வாயைப் பொத்திக்கொள்வாள். பக்கத்துக் குடிசைக்காரி சொல்லலாமென்றால் அவளுக்குக் கொழுந்தன் முறை, அவளும் சொல்ல மாட்டாள். நான் அழாத குறை. கடைசியில் ஒரு பெண்தான் உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டினாள். “இதுல இருக்கு. பாத்து எழுதிக்கிடுங்க.”

அட, இவ்வளவு சுலபமா என்று ஆயிற்று. அதற்கப்புறம் நான் பேரே கேட்கவில்லை. கார்டை வாங்கினேன், இருக்கிற பேரை எல்லாம் எழுதினேன், அடுத்த வாசல். கார்டில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவில்லை. கார்டில் இல்லாதவர்கள் எதிரே நின்றாலும் எழுதவில்லை. “கார்டுல இல்லாத பேரை எழுதப்படாது” என்று ஒரு விதியும் சொன்னேன். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. வெயிலும் வாடையும் தாங்காமல் நானாகப் போட்ட விதி அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் அலம்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“இன்னிக்கு இங்கேயும் ஒருத்தர் வந்து எழுதிண்டு போனார். உங்க ஸ்கூல் வாத்தியார்தானாம்.”

“என்னம்மா கேட்டார்?”

“அப்பா பேரைக் கேட்டார். நான் எப்படிடீ சொல்லுவேன்? கார்டைக் குடுத்தேன்.”

அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க நான் அதைத்தானே செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

கிட்டு மாமா பார்த்துக்கொள்கிறார்

லிஸ்ட் அச்சாகிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்தடுத்து மூன்று வரி. அம்மா. சாரதா, தகப்பனார் பேர் சங்கரநாராயணன். அப்புறம் மைதிலி, நான். அச்சில் பார்த்தபோது அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருந்தது. பேர் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. எழுதிக் கொடுத்தால் அடுத்த கேள்வி, எப்போது இறந்தாள் என்பது. அதற்கடுத்த கேள்வி, கார்டு எங்கே என்பது.

ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னால், காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கிட்டு மாமா வாசலில் நின்றார். இந்தத் தடவை வார்டுக்கு இரண்டு பேர் போட்டி. அவர் ஒருவர் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார். யார் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. மற்றவர் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கிட்டு மாமா இருந்திருப்பார்.

“மாமி, சாரதா பேர் லிஸ்ட்ல வந்துடுத்து. பாத்தேளா?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒண்ணும் பயப்படாதேங்கோ. நான் பாத்துக்கறேன். அவ ஓட்டு வீணாப் போப்படாது, அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் வெளியில வாயைத் திறக்காம இருந்தாப் போறும்.”

குரல் அதே தாழ்ந்த குரல். முகத்தில் அதே பரிவு. அரிசி கொடுத்தபோது அவர் எங்களுக்கு உதவி செய்கிறார் என்று நினைத்திருந்தேன். எங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றுதான் புரிந்தது. இப்படி எத்தனை வீடோ! கார்டில் செத்தவர் இருக்கிற ஒவ்வொரு வீடும் அவர் கைக்குள் இருந்தது.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல், ஓட்டு நாளன்று என்னைத் தாராவிச் சாவடிக்குப் போட்டிருந்தார்கள் என்பது. என் கண்ணில் படாமல் நடக்கிறது நடக்கட்டும், நான் பார்க்க வேண்டாம் என்று இருந்தேன். கோழைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அந்த வழியும் அடைபட்டது. காலை ஏழு மணிக்கு ஸ்கூல் பியூன் சைக்கிளில் வந்தான். மாட்டுங்காச் சாவடியில் பெண்கள் மேஜைக்குப் போட்டிருந்த டீச்சருக்குக் காய்ச்சல், நான் அங்கே போக வேண்டும் என்றான். எங்கள் தெருவுக்கே உள்ள சாவடி. நான் உள்ளே நுழைந்தபோது, ஏஜென்டுகள் உட்காரும் பெஞ்சில் கிட்டு மாமா இருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“அட, நம்ம மைதிலியா! ரொம்ப நல்லதாப் போச்சு.”

மேரி பஹன்

காலை முழுவதும் வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். சீட்டை வாங்கி, எண்ணைப் பார்த்து, லிஸ்டில் உள்ள பேரையும் தகப்பனார் அல்லது புருஷன் பேரையும் உரக்கப் படிக்க வேண்டும். ஏஜென்டுகள் தங்கள் லிஸ்டில் கோடு போடுவார்கள். விரலில் மை வைப்பதெல்லாம் பிற்பாடு வந்த ஏற்பாடு. ஆட்சேபணை இருந்தால் சாவடிக்குப் பொறுப்பான அதிகாரி விசாரிப்பார். எங்கள் அதிகாரி குல்கர்ணி மாஸ்தர். மராத்திப் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், கண்டிப்பானவர்.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். மடிசாரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைத் தெரியாதவள் போல நின்றாள். அப்பா பேரை நான் உரக்கப் படித்தேன். அந்தப் பேரைக் கேட்டதும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். ஓட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பிறகு மத்தியானம் ஆயிற்று, கூட்டம் குறைந்தது. ஒருவேளை வரமாட்டாளோ என்று நான் மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்து நின்றாள்.

“சாரதா” என்று அவள் சொன்னதும் நான் படித்தேன். “சாரதா, தகப்பனார் சங்கரநாராயணன்.” என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் கேட்டது.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கறுத்து, மெலிந்து, காதில் துளை மட்டும் இருந்தது, நகை இல்லை. புடவை சுத்தமாகத் துவைத்திருந்தது, ஆனாலும் அந்தச் சுண்ணாம்பு வாடை போகவில்லை. சட்டென்று தெரிந்தது, தோல் ஷாப் பக்கத்துப் பெண் என்று. தெரிந்தது எனக்கு மட்டும் இல்லை. மறுதரப்பு ஏஜென்ட் ஒரு குஜராத்திக்காரர். தமிழ் தெரியாது, ஆனால் மூக்கு இருந்தது. எழுந்து நின்றுவிட்டார். இவள் இந்தப் பக்கத்துப் பெண் இல்லை, ஆட்சேபிக்கிறேன் என்று ஹிந்தியில் சொன்னார்.

குல்கர்ணி மாஸ்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். லிஸ்டில் விலாசத்தைப் பார்த்தார். கிட்டு மாமா எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார், இந்த டீச்சர் அதே சாலில்தான் இருக்கிறாள், அவளையே கேளுங்களேன் என்று.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“பாயி, ஆப் இஸ்கோ ஜான்தீ ஹை?” என்றார் மாஸ்தர். இவளைத் தெரியுமா உங்களுக்கு, டீச்சரம்மா என்று.

தெரியாது என்று சொன்னால் அந்தப் பெண்ணைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும். கிட்டு மாமா இவர்கள் வீட்டுக் கார்டைப் பாருங்கள் என்று அதே மெதுவான குரலில் சொல்வார். சாயங்காலத்துக்குள் அம்மா போலீஸ் கச்சேரி வாசலில் நிற்பாள். அவ்வளவும் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிற்று. அந்தப் பெண்ணோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. தான் எதுவும் தப்புச் செய்வதாக அவளுக்குத் தெரியவே இல்லை. அதுதான் என்னை மேலும் கலக்கியது.

“ஜான்தீ ஹூம்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவள் எப்போதும் ஒரு வார்த்தை அதிகம் பேசுவாள். “மேரி பஹன் ஹை.” என் அக்கா.

குஜராத்திக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்தர் ஆட்சேபணைப் புத்தகத்தைத் திறந்து இங்கிலீஷில் எழுதினார்: இந்தப் பெண் என் உடன்பிறந்தவள், ஒரே வீட்டில் வசிக்கிறோம். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். எஸ். மைதிலி என்று போட்டேன். தகப்பனார் பேரின் முதல் எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, “மாஃப் கர்னா, பாயி” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைவிட என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அவள் கைநாட்டு வைத்து, சீட்டை வாங்கி, திரைக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது மைக்கறையைத் தலையில் துடைத்துக்கொண்டே மேஜைப் பக்கம் குனிந்தாள்.

“டீச்சர், என்னயத் தெரியலியா? நீங்கதான எங்க வரிசைக்கு எழுத வந்தீக. கார்டுல எம்பேரு இல்லன்னுட்டீக.”

நான் லிஸ்டைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

“ரேசன் கடை அய்யருதான் பாவம், இந்தப் பேர வாங்கிக் குடுத்தாக. ஓட்டுக்கு இந்தப் பேரச் சொல்லணும்னாக. எம்பேரு பேச்சியம்மா.” கொஞ்சம் தயங்கினாள். “அந்தச் சாரதா எங்க இருக்காக?”

“ஊருக்குப் போயிருக்கா” என்றேன்.

“வந்தாகன்னா சொல்லுங்க. வீணாக்காம போட்டுட்டேன்னு.”

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அப்புறம் நடந்தது

கிட்டு மாமாவின் ஆள் ஜெயித்தார். எங்கள் தெருவில் இரண்டு விளக்குக் கம்பம் நட்டார்கள். பேச்சியம்மாவின் வரிசைக்குத் தருவதாகச் சொன்ன குழாய் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை வரவில்லை. பயமில்லாத அந்த மனுஷியிடம் நான் ஒரு தடவையாவது போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அவள் வரிசைப் பக்கம் போக நேர்ந்தால் சுற்று வழியில் போனேன்.

அந்த ஆட்சேபணைப் புத்தகம் என்ன ஆயிற்றோ தெரியாது. முனிசிபாலிட்டியின் ஏதோ ஒரு அலமாரியில் என் கையெழுத்தோடு கிடந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பழுப்பு உறை எது வந்தாலும் அதைப் பற்றித்தான் என்று நினைப்பேன். வேலை பர்மனென்ட் ஆன கடிதம்கூட அப்படி ஒரு உறையில்தான் வந்தது. பிரிக்கப் பயந்து இரண்டு நாள் பைக்குள் வைத்திருந்தேன். ரிடையர் ஆகும் நாள் வரை அந்தப் பயம் போகவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல. அன்று சாயங்காலத்தைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா ஜன்னலோரம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வந்தாளா?” என்று கேட்டாள்.

“வந்தா.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்சேபணை, மாஸ்தர், நான் சொன்ன பொய், போட்ட கையெழுத்து. “நாளைக்கே போய் அக்கா பேரைக் கார்டுலேர்ந்து எடுத்துடலாம்மா. கேஸ் போட்டாலும் போடட்டும். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு” என்றேன்.

“எப்படி எடுப்பே?” அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போன வருஷமே போயிட்டான்னு சொன்னா, இன்னிக்கு ஓட்டுப் போட்டது யாருன்னு கேப்பாளே. நீன்னா கையெழுத்துப் போட்டிருக்கே, அக்கான்னு.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. இனிமேல் அக்காவைச் செத்தவள் என்று நாங்கள் யாரிடமும் எழுதிக் கொடுக்க முடியாது. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அம்மா கல் பொறுக்கித் தரையில் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

“எப்படிடீ இருந்தா?”

“யாரு, அந்தப் பொம்மனாட்டியா? பாவம்மா, அவளுக்கு ஒண்ணுமே…” என்று ஆரம்பித்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் சேதி கேட்பவள் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரை எடுக்க வேண்டாம் என்று கிட்டு மாமா சொன்ன அன்றைக்கு எதற்காகத் தலையாட்டினாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நன்னா இருந்தாம்மா” என்றேன். “வெயில்ல வந்ததுல கொஞ்சம் கறுத்திருந்தா. மத்தபடி நன்னா இருந்தா.”